பெட்டி நகரும் முன்

ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துத் துளிர்க்கும் பருவத்தில் குமரி மாவட்டத் தேனீப் பெட்டிகள் தோட்டம் தோட்டமாக இடம் மாறுகின்றன. இளந்தளிர்க் காம்பில் சுரக்கும் மதுவே மார்த்தாண்டம் தேனின் பெரும்பங்கு. பெட்டியோடு நோயும் பயணம் போகும் என்பதை 1990-களின் தொடக்கத்திலேயே பார்த்துவிட்டோம். தாய் சாக்புரூட் வைரஸ் பரவி, தென்னிந்தியாவில் இந்தியத் தேனீக் கூட்டங்கள் பெருமளவில் அழிந்தன. அடையைத் தூக்கிப் பார்த்தாலே அறிகுறி தெரியும்: புழு படகு போல் தலை நிமிர்ந்து, நீர் நிரம்பிய பைக்குள் கிடக்கும். இதைக் காண ஆய்வகம் தேவையில்லை, பழகிய கண் போதும். ஆனாலும் இடம் மாறும் பெட்டிகளைப் பார்வையிடுவது நடைமுறையாகவில்லை. தேனீ வளர்ப்பாளர்களைப் பதிவுசெய்யும் மதுக்கிராந்தி இணையதளம் 2021-இல் வந்தது. ஆனால் பதிவு மட்டும் நோயைத் தடுத்துவிடாது.

பெட்டி நகரும் முன் பரிசோதித்துச் சான்று பெற வேண்டும் என்றால், பத்துப் பெட்டி வைத்திருப்பவரை அலுவலகத்துக்கு அலையவிடுவதா என்ற கேள்வி நியாயமானதே. அபராதத்தோடு தொடங்கும் விதி நோயை ஒளித்துவைக்கவே கற்றுக்கொடுக்கும். எனவே அலைய வேண்டியவர் அதிகாரிதான். தோட்டக்கலைத் துறை அலுவலர் ஒருவர், அனுபவமுள்ள வளர்ப்பாளருடன் தோட்டத்துக்கே சென்று கட்டணமின்றிப் பார்த்துச் சான்று தரட்டும். சான்றில்லாத பெட்டிக்குத் தோட்டக்காரர்கள் இடம் மறுக்கட்டும். நோய் கண்ட பெட்டியை அழித்தால் இழப்பீடும் வேண்டும், இல்லையேல் எவரும் முன்வந்து சொல்லமாட்டார். அடுத்த துளிர்ப் பருவத்துக்கு முன்பே மாவட்ட நிர்வாகம் இதற்கான ஆணையை வெளியிட வேண்டும்.