ஊசி அப்புறம், முதல்ல சோப்புத் தண்ணி!

"புதுசா கத்துக்கிறவங்களுக்கு ஏற்றது" என்று அட்டையில் போட்டு விற்கிறார்களே நீடில் ஃபெல்டிங் கிட், அதன் மேல் எனக்கு ஒரு தீராத வழக்கு உண்டு மக்களே.

அட்டையில் அழகான குட்டி நரி. உள்ளே கொஞ்சம் கலர் பஞ்சு, ஒரு ஸ்பாஞ்ச், இரண்டே இரண்டு ஊசி. ஹாஸ்டலில் எங்கள் தளத்தில் நாலு பேர் வாங்கினார்கள். வந்தது நரி இல்லை, உருளைக்கிழங்கு. ஊசி சாய்ந்தால் படக்கென்று ஒடியும், சாயாவிட்டால் விரலில் ஏறும். கேட்டால் "உங்களுக்குப் பொறுமை இல்லை" என்று பழி நம் தலையில்!

பிரச்சினை பொறுமை இல்லை. அந்த ஊசியில் சின்னச் சின்ன வெட்டுகள் இருக்கும். குத்தக் குத்த மேல் இழையை உள்ளே தள்ளிச் சிக்க வைக்கும். அதற்குக் கம்பளிதான் வேண்டும் என்பதே இல்லை. பாலியெஸ்டரும் சிக்கும், அக்ரிலிக்கும் சிக்கும். தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கான ஊசி வைத்த மெஷின்கள் பாலியெஸ்டரைக் குத்திக் குத்தித்தான் விரிப்பு செய்கின்றன. ஆக, டப்பாவில் எதை அடைத்துக் கொடுத்தாலும் ஊசி காட்டிக் கொடுக்காது. விற்கிறவருக்கு எவ்வளவு வசதி பாருங்கள்...

சோப்புத் தண்ணீர் அப்படி இல்லை. ஆட்டு முடியின் மேல் மீன் செதில் மாதிரி அடுக்கு உண்டு. வெந்நீரும் சோப்பும் விட்டுத் தேய்த்தால் இழைகள் நகர்ந்து ஒன்றோடொன்று பூட்டிக் கொள்ளும். அம்மாவின் கம்பளி ஸ்வெட்டர் வாஷிங் மெஷினில் பொம்மைச் சட்டையாகச் சுருங்குவதும் இதனால்தான். அக்ரிலிக்குக்குச் செதிலே கிடையாது. சாயங்காலம் வரை தேய்த்தாலும் ஈரப் பஞ்சுதான். சூப்பர்வாஷ் கம்பளியும் உதவாது, துவைத்தால் சுருங்கக் கூடாதென்று செதிலை மழுக்கிவிடுகிறார்கள்.

"வெட் ஃபெல்டிங்கில் நரிக்கு மூக்கு வைக்க முடியுமா?" என்பார்கள். முடியாதுதான். மூக்குக்கும் காதுக்கும் ஊசி வேண்டும், அதைக் குப்பையில் போடச் சொல்லவில்லை. தரையெல்லாம் தண்ணீர், முதுகுவலி, அதுவும் உண்மை. ஆனால் காஷ்மீரின் நம்தா விரிப்பு இந்த ஊசியாலா வந்தது? கம்பளி, தண்ணீர், உருட்டித் தேய்க்கும் உழைப்பு, அவ்வளவுதான். கிர்கிஸ்தானின் ஃபெல்ட் கம்பளங்களும் அப்படித்தான். அழிந்துவிடாமல் உடனே காக்க வேண்டிய கலைகளின் பட்டியலில் 2012ல் யுனெஸ்கோ அவற்றைச் சேர்த்தது.

எனவே முதல் நாள் ஊசியைத் தொடாதீர்கள். கைப்பிடிக் கம்பளியை மெல்லிசாகப் பிரித்து, ஒன்றுக்கு ஒன்று குறுக்காக மூன்று நாலு அடுக்கு வையுங்கள். கை பொறுக்கும் சூட்டில் சோப்புத் தண்ணீர் தெளித்து, முதலில் தடவுவது போல், அப்புறம் பப்பிள் ராப்பில் சுருட்டி அழுத்தி உருட்டுங்கள். பஞ்சு கைக்குள்ளேயே துணியாக இறுகுவது தெரியும். மூக்கு அடுத்த வாரம்.

வாங்கும்போது "இது எந்த ஆட்டு முடி?" என்று கேளுங்கள். கடைக்காரர் முழித்தால் ஒரு இழையைக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் நாற்றமும் பொடியாகும் சாம்பலும் வந்தால் கம்பளி. உருகிக் கெட்டி மணியாகத் திரண்டால் டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், நரியோடு சேர்த்து :-)