மயில்கழுத்து என்ன நிறம்?

போன ஆடி மாதம் எனக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். கட்டுப் பிரித்து வேப்பம்பட்டு வீட்டுக்கு வந்ததும் முதலில் கண்ணில் பட்டது கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஒரு புடவை.

"இது எப்போ வாங்கினே?" என்று மனைவியைக் கேட்டேன்.

"ஏங்க, ஆறு வருஷமா கட்டுறேன். பொங்கலுக்கு இதைக் கட்டிக்கிட்டுத்தானே உங்களோட திருநின்றவூர் பெருமாள் கோயிலுக்கு வந்தேன்?"

என் கணக்கில் அது காப்பிப்பொடி நிறப் புடவை. உண்மையில் அது கத்திரிப்பூ நிறம். புரை எடுத்த கண்ணை மூடிக்கொண்டு எடுக்காத கண்ணால் பார்த்தேன், காப்பிப்பொடி. மாற்றிப் பார்த்தேன், கத்திரிப்பூ. இப்படி மாற்றி மாற்றி மூடிக்கொண்டு கொடிக்கு முன்னால் நின்றவனைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பையன் சிரித்தான்.

டாக்டரிடம் கேட்டபோது எளிதாகச் சொன்னார். வயதாக ஆகக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகிவிடும். அது நீலத்தை உள்ளே விடாது. மெதுவாக நடப்பதால் நமக்குத் தெரிவதில்லை. மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு பத்து வருடம் நடந்தால் உலகமே மஞ்சள் என்று மனசு ஒப்புக்கொண்டுவிடுகிறது.

பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு வாத்தியார் சொல்லிக் கேட்ட பெயர் ஒன்று அப்போது நினைவுக்கு வந்தது. குளத்து அல்லிப் பூக்களை வரைந்து வரைந்து உலகப் புகழ் பெற்றவர் குளோத் மொனே. அவருக்கும் புரை. 1923 ஜனவரியில், 82 வயதில், வலது கண்ணில் அறுவை நடந்தது. அதற்கு முன் சில வருடங்கள் அவர் வரைந்த படங்களில் சிவப்பும் பழுப்பும் மிகுந்திருக்கும். நிறங்களோடே வாழ்ந்தவருக்கே அந்தக் கதி. கோப்புகளோடு வாழ்ந்த நான் எம்மாத்திரம்?

உண்மையைச் சொன்னால் புரை ஒரு சாக்குதான். கண் நன்றாக இருந்த காலத்தில் நான் என்னத்தைப் பார்த்தேன்? முப்பது வருடத்துக்கு மேல் இங்கிருந்து மின்சார ரயிலில் போய் வந்தேன். காலை வெயில் எதிரிலிருந்து பெட்டிக்குள் சாய்ந்து விழும். பூக்காரம்மாக்களின் கூடைகளில் கனகாம்பரமும் மரிக்கொழுந்தும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். நான் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் தூங்குவேன், கிடைக்காவிட்டால் நின்றுகொண்டு தூங்குவேன். அழகு என்பது மியூசியத்திலும் சினிமாவிலும் இருப்பது, அதற்கு டிக்கெட் வாங்க வேண்டும் என்று நினைத்தவன் நான்.

புதுக்கண் வந்த உற்சாகத்தில் பீரோவிலிருந்த பழைய போட்டோக்களை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தேன். அதில்தான் மாட்டிக்கொண்டேன்.

1953-இல் புதுச்சேரி ஸ்டூடியோ ஒன்றில் எடுத்த படம். அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் நான், ஒரு வயது. அப்பா பின்னால் நிற்கிறார். அம்மாவின் படம் எங்களிடம் இது ஒன்றுதான். நல்ல பட்டுப்புடவை, அகலமான ஜரிகை. அந்தப் புடவை என்ன நிறம்?

எழுபது வருடமாகச் சுவரிலும் பீரோவிலும் இருந்த படம். ஒரு நாளும் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதில்லை. கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்துப் பார்த்து, அம்மாவின் காலமே கறுப்பு வெள்ளையாக இருந்தது போல எண்ணிவிட்டேன்.

படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. கறுப்பு வெள்ளை ஃபிலிமில் நிறத்தின் பளுதான் பதியும், நிறம் பதியாது. போதாக்குறைக்கு அந்தக் காலத்துத் தட்டுகளில் ஒரு வகை சிவப்பையே உணராது. அதில் எடுத்தால் குங்குமம் கறுப்புப் பொட்டாக விழும். அரக்குப் புடவை கறுப்புப் புடவையாகிவிடும்.

கேட்பதற்கு ஒரே ஒருவர்தான் மிச்சம். அம்மாவின் கடைசித் தங்கை, எங்கள் சித்தி. புதுச்சேரியில் மகள் வீட்டில் இருக்கிறார். 87 வயது. போன் போட்டேன்.

"சித்தி, அந்த ஸ்டூடியோ படத்துல அம்மா கட்டியிருக்கிறது என்ன கலர் புடவை? ஞாபகம் இருக்கா?"

"ஏண்டா, அதை இப்பக் கேக்குறே? மயில்கழுத்துடா. அரக்கு பார்டர். நானும்தானே அன்னிக்குக் கூட வந்தேன். ஜரிகை தெரியணும்னு போட்டோக்காரர் மடிப்பை நாலு தடவை இழுத்து விட்டாரு. நீ அழுது அதைக் கசக்கிட்டே."

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. சாப்பிட்டோமா என்பது சித்திக்கு இப்போது மறந்துபோகிறது. அந்தப் புடவை மறக்கவில்லை.

"அந்தப் புடவை என்ன ஆச்சு சித்தி?"

"உனக்குத் தெரியாதா? நீ மெட்ராசுக்கு வேலைப் பரீட்சை எழுதப் போனியே, அதுக்குப் பணம் கட்டணும், நல்ல சட்டை பேண்ட் வேணும்னு, பழைய ஜரிகை வாங்குறவன்கிட்டப் போட்டுட்டா. நீயும் திண்ணையிலதானே உட்கார்ந்திருந்தே."

பழைய ஜரிகை வாங்குகிறவர்களை என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். பட்டு நூலின் மேல் மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி அதற்குப் பொன் முலாம் பூசியதுதான் நல்ல ஜரிகை. புடவை நைந்த பிறகும் அந்த வெள்ளிக்கு விலை உண்டு. புடவையை எரித்து வெள்ளியை எடுத்துக்கொள்வார்கள்.

நான் திண்ணையில் இருந்தேன். பார்க்கவில்லை. அந்தப் பணத்தில் தைத்த சட்டையின் நிறம் மட்டும் நினைவிருக்கிறது. வெள்ளை.

இதன் பிறகு மயில்கழுத்து என்றால் என்ன என்று ஒழுங்காகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று பட்டது. அது ஒரு நிறம் அல்ல, இரண்டு நிறம். பாவு நூல் நீலம், ஊடை பச்சை என்று வைத்துத் தறியில் நெய்வார்கள். நேரே பார்த்தால் நீலம் முந்தும். துணி மடங்கும் இடத்தில் பச்சை எட்டிப் பார்க்கும். ஆகவே அந்த நிறம் சாயத்தில் மட்டும் இல்லை. கட்டியவள் அசைய வேண்டும், வெளிச்சம் ஒரு பக்கமிருந்து வர வேண்டும். அப்போதுதான் அது மயில்கழுத்து. கலர் போட்டோகூட அதில் ஒரு கணத்தைத்தான் பிடிக்கும்.

நம் ஊர்ப் பெண்கள் இதையெல்லாம் ஃபேஷன் என்று சொல்லாமலே அறிந்திருந்தார்கள். வாடாமல்லி, கிளிப்பச்சை, அரக்கு, வெங்காயத்தோல், மாம்பழ மஞ்சள் என்று அவர்கள் வைத்த பெயர்களைப் பாருங்கள். கொல்லையையும் அடுப்படியையும் உற்றுப் பார்த்தவர்கள் வைத்த பெயர்கள். எம்.எஸ். சுப்புலட்சுமி கட்டிய ஒரு நீலத்துக்கு இன்றும் 'எம்.எஸ். ப்ளூ' என்றே கடையில் கேட்கிறார்கள். பட்டுக் கடைக்குப் போனால் நம் வீட்டுப் பெண்கள் புடவையை வாசலுக்கு எடுத்துப்போய்ப் பகல் வெளிச்சத்தில் பிரித்துப் பார்ப்பார்கள். "உள்ளே இவ்வளவு லைட்டு இருக்கே, வெளியே எதுக்கு?" என்று நான் அலுத்துக்கொண்டிருக்கிறேன். அவர்கள் செய்ததுதான் சரி. விளக்கு மாறினால் நிறம் மாறும்.

துணி, படம், வெளிச்சம் மூன்றும் ஒன்றுக்கொன்று உறவு என்பதற்குப் பள்ளியில் படித்த லியோன் நகரத்தைச் சொல்வேன். பிரான்சின் பட்டு நகரம் அது. நம் காஞ்சிபுரத்துக்கு அக்கா முறை. காஞ்சித் தறிகளின் மேல் அட்டை தொங்குமே, 'ஜக்காடு' என்பார்கள், அந்தப் பெயர் லியோனில் பிறந்த ஜக்கார் என்பவருடையது. அதே ஊரில்தான் லூமியேர் சகோதரர்கள் இருந்தார்கள். பிரெஞ்சில் 'லூமியேர்' என்றாலே வெளிச்சம். 1895-இல் சினிமா காட்டியவர்கள். 1907-இல் வண்ணப் போட்டோத் தட்டை விற்பனைக்குக் கொண்டுவந்ததும் அவர்களே. எதை வைத்துச் செய்தார்கள் தெரியுமா? உருளைக்கிழங்கு மாவு! அதன் நுண்ணிய துகள்களுக்கு ஆரஞ்சு, பச்சை, ஊதா சாயம் ஏற்றிக் கண்ணாடித் தட்டில் பரப்பி, அதன் வழியே வெளிச்சத்தை வாங்கினார்கள்.

மூன்றாவது, வெளிச்சம். 1852 டிசம்பர் 8-ஆம் தேதி அந்த ஊர்க் குன்றின் மேல் மாதா சிலை ஒன்றைத் திறந்துவைத்தார்கள். ஊர் மக்கள் அன்றிரவு அவரவர் வீட்டு ஜன்னலில் மெழுகுவத்தி ஏற்றி வைத்தார்கள். இன்று அதே நாளையொட்டி நான்கு நாள் ஒளி விழா நடக்கிறது. கலைஞர்கள் கட்டடங்களின் மேல் வெளிச்சத்தாலேயே படம் வரைகிறார்கள். வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து பார்க்கிறார்கள். ஆனாலும் அந்த ஊர்க்காரர்கள் ஜன்னலில் சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் மெழுகுவத்தி வைப்பதை விடவில்லை.

குன்றின் மேல் விழா, கீழே வீட்டுக்கு வீடு விளக்கு, மாதமும் ஏறக்குறைய அதே மாதம். படிக்கிற காலத்திலேயே "இது நம்ம கார்த்திகை ஆச்சே" என்று நினைத்திருக்கிறேன். திருவண்ணாமலையில் 2,668 அடி மலை உச்சியில் கொப்பரையில் நெய் ஊற்றித் தீபம் ஏற்றுகிறார்கள். கீழே ஒவ்வொரு வாசலிலும் அகல். நமக்கு அது ஒளிக்கலை என்று யாரும் பெயர் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

போன கார்த்திகைக்கு எங்கள் தெருவில் ஒரு நடை போனேன். அப்போது இரண்டு கண்ணிலும் புரை. இருந்தும் ஒன்று தெரிந்தது. எல்லா வாசலிலும் அகல் இருந்தது, ஒரு வாசலிலும் அகலின் வெளிச்சம் இல்லை. மேலே எல்இடி பல்பு எரிந்துகொண்டிருந்தது. டப்பாவில் 6500கே என்று போட்டிருக்குமே, அந்த நீலம் பாய்ந்த வெள்ளை. கோலம், அகல், பட்டுப்பாவாடைக் குழந்தை எல்லாம் அதன் அடியில் சப்பென்று தட்டையாகக் கிடந்தன. எண்ணெய் விளக்கின் வெளிச்சம் தாழ இருந்து வரும், அசையும், மஞ்சளும் சிவப்புமாக இருக்கும். ஜரிகை மின்னுவது அந்த அசைவில்தான். மின்சாரம் வருவதற்கு முன்பே இந்தத் தறிகள் ஓடின. பட்டு விளக்குக்காக நெய்யப்பட்டது என்று நான் சொன்னால் மிகையாகாது.

எல்இடி வேண்டாம் என்று சொல்லவில்லை. கரண்டு பில் கட்டுகிறவன் நான். தெருவிளக்கை அணைக்கவும் சொல்லவில்லை. ரயிலிலிருந்து இருட்டில் இறங்கி வரும் பெண்களுக்கு அது வேண்டும். மழைக்காலம், பாம்பு பயமும் உண்டு. நான் கேட்பது சின்ன விஷயம். கார்த்திகை அன்று ஆறு மணியிலிருந்து ஆறரை வரை, அரை மணி நேரம், அவரவர் வாசல் பல்பை மட்டும் அணைத்து வையுங்கள். வீட்டுப் பெண்கள் நல்ல பட்டாக ஒன்று கட்டிக்கொள்ளட்டும். நாற்காலி போட்டு உட்கார்ந்து பாருங்கள். பேத்தி செல்போனில் படம் எடுத்தால் எடுக்கட்டும், திட்டாதீர்கள். என் பேத்திதான் எனக்குச் சாயங்கால வெயிலைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தாள். "தாத்தா, அஞ்சரைக்கு மொட்டை மாடிக்கு வா, அப்பத்தான் முகம் நல்லா விழும்" என்பாள். ஸ்டூடியோக்காரர்கள் திரை கட்டிச் செய்ததை அவள் சூரியனை வைத்துச் செய்கிறாள்.

இன்னொன்றும் கேட்கிறேன். இது கார்த்திகை வரை காத்திருக்கக் கூடாத வேலை.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் நம் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடிச் சேர்த்துக் கணினியில் பாதுகாத்து வருகிறார்கள். முகம் தெரியாதவர்களின் படங்களுக்கே அந்த மதிப்பு. நம் வீட்டுப் படங்களுக்கு நாம்தான் அதைச் செய்ய வேண்டும். படங்களை எடுங்கள். பின்பக்கம் பேரும் வருடமும் எழுதுவதோடு நிறுத்தாதீர்கள். என்ன நிறப் புடவை, என்ன நிறச் சட்டை, யாருடைய நகையை இரவல் வாங்கிப் போட்டது, கேட்டு எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். மெத்தென்ற பென்சில் போதும். ஞாபகம் உள்ளவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். எனக்கு ஒரு சித்தி மிச்சம் இருந்தார். ஐந்து வருடம் கழித்து இந்தக் கேள்வி தோன்றியிருந்தால்?

என் படத்தின் பின்பக்கம் இப்போது இப்படி எழுதியிருக்கிறது: "1953. அம்மா: மயில்கழுத்துப் பட்டு, அரக்கு பார்டர். மடிப்பைக் கசக்கியது நான்."

இடது கண்ணுக்கு ஐப்பசியில் தேதி கொடுத்திருக்கிறார்கள். கார்த்திகைக்குள் ஆறிவிடும் என்கிறார் டாக்டர். மனைவியிடம் மயில்கழுத்தில் ஒரு பட்டு எடுக்கலாமா என்று கேட்டேன்.

"என்கிட்ட இருக்குங்க. நம்ம பெரியவன் கல்யாணத்துக்கு எடுத்தது. நீங்கதான் பார்க்கலை" என்றாள்.