சாலையோர நன்செயும் வாகன விற்பனை நிலையங்களும்

பட்டணங்களை அடுத்த பெருஞ்சாலைகளின் இருமருங்கிலும் மோட்டார் வாகன விற்பனை நிலையங்கள் பெருகி வருதல் யாவரும் அறிந்ததே. கடைத்தெருவில் இடம் நெருக்கமாகிவிட்டது. வண்டிகளை வரிசையாக நிறுத்திக் காட்டுவதற்கோ ஏக்கர்க் கணக்கில் இடம் வேண்டும். ஆகவே வணிகர்கள் நகராட்சியின் எல்லையோரத்தையும் அதனை ஒட்டிய கிராமங்களையும் நாடுகின்றனர். ஆற்றுப்பாசனமும் ஏரிப்பாசனமும் உள்ள ஜில்லாக்களில் அங்ஙனம் சாலையை ஒட்டிக் கிடைப்பது பெரும்பாலும் நன்செய் நிலமே. அந்நிலத்தில் இத்தகைய நிலையம் ஒன்றை அமைக்க அனுமதி கோரி மனு வரும்போது, அதனைப் பரிசீலிப்போர் எதனை முதலில் பார்க்கவேண்டும் என்பதே இங்கு ஆராயத்தக்கது. கட்டடத்தைப் பார்ப்பதற்கு முன் தண்ணீரைப் பார்க்கவேண்டும் என்பதே பயிர்த்தொழிலில் பழகியோரின் அபிப்பிராயமாக இருக்கமுடியும்.

வாகன விற்பனை நிலையம் என்பது ஒரு கட்டடம் அன்று. கண்ணாடி முகப்புடைய காட்சிக்கூடம் சாலையைப் பார்த்திருக்கும். அதன் பின்னே பழுது பார்க்கும் பட்டறையும், வண்டி கழுவும் மேடையும் இருக்கும். அவற்றுக்கும் பின்னே, விற்பனைக்கு வந்த வண்டிகளை நிறுத்திவைக்கும் பரந்த வெளி ஒன்று இருக்கும். மனுவுடன் இணைக்கப்படும் வரைபடத்தில் காட்சிக்கூடமும் பட்டறையுமே விவரமாக வரையப்படுகின்றன. பின்புறத்து வெளியில் சுவர் இல்லை, கூரை இல்லை. ஆதலின் அது காகிதத்தில் வெறும் வெள்ளைக் கட்டமாகவே தோன்றுகின்றது. அண்டை வயல்களுக்கு இடுக்கண் விளைப்பது பெரும்பாலும் அந்த வெள்ளைக் கட்டமே.

நன்செய் நிலம் சாலையினும் தாழ்ந்தது. வண்டி ஏறி இறங்க அதனைச் சாலை மட்டத்துக்கு உயர்த்தியாகவேண்டும். 3 ஏக்கர் நிலத்தை 3 அடி உயர்த்துவதாக வைத்துக்கொள்வோர்க்குக் கணக்கு எளிது. ஓர் ஏக்கருக்கு 43,560 சதுர அடி. 3 அடி உயரத்துக்கு ஏக்கர் ஒன்றுக்கு 1,30,680 கன அடி மண். லாரி ஒன்று 3 யூனிட், அதாவது 300 கன அடி ஏற்றுமாயின், ஏக்கருக்கு ஏறத்தாழ 435 நடை. மூன்று ஏக்கருக்கும் 1,300 நடைக்கு மேல். இம்மண் வானத்திலிருந்து வருவதன்று. ஏதோ ஓர் ஏரியின் உட்பரப்போ, யாரோ ஒருவருடைய புன்செய் மேடோ அதற்கு இரையாகின்றது. ஒரு கிராமத்தில் பள்ளத்தை மூடுவதற்கு மற்றொரு கிராமத்தில் பள்ளம் தோண்டப்படுகின்றது என்பதை விண்ணப்பப் படிவம் கேட்பதில்லை.

இனி மழையைக் கவனிக்கலாம். தமிழ்நாட்டின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 920 மில்லிமீட்டர். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவானது வடகிழக்குப் பருவத்தில், சில நாட்களிற் கொட்டித் தீர்வது. ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் பெய்வது கடலோர ஜில்லாக்களில் அரிய செய்தியன்று. அவ்வளவு மழை ஓர் ஏக்கரில் விழுந்தால் 4 லட்சம் லிட்டர். மூன்று ஏக்கரில் 12 லட்சம் லிட்டர். வயலாக இருந்தவரை அந்நீரில் பெரும்பகுதியை வரப்புகள் தாங்கி நிறுத்தின. மிகுந்தது வடிகால் வழியே மெல்ல இறங்கிற்று. மண்ணடித்துச் சிமெண்டுக் கல் பாவிய பின்னரோ அது நின்று ஊறுவதற்கு இடமில்லை. ஒருசேரப் புறப்பட்டுத் தாழ்ந்த பக்கம் நோக்கி ஓடும். தாழ்ந்த பக்கம் இருப்பது இன்னும் விற்கப்படாத அண்டை வயல்.

மேற்புறத்து வயல்களின் நிலை இதற்கு மாறானது. முன்பு அவற்றின் மிகுநீர் இந்நிலத்தின் வழியாகவே வடிந்தது. இப்போது அங்கே 3 அடி மேடு எழுந்துவிட்டது. அப்பால் மதில் ஒன்றும் எழும். நீர் பின்வாங்கித் தேங்கும். நட்டுப் பத்து நாளான நாற்று நீரில் மூழ்கினால் என்னவாகும் என்பதைக் குடியானவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இவ்விரண்டுக்கும் மேலாகச் சாலையோர வாய்க்கால் ஒன்றுண்டு. நிலையத்துக்குள் வண்டி புகுவதற்கு அதன்மேற் பாதை போடவேண்டும். 6 அடி அகலமும் 3 அடி ஆழமும் உள்ள வாய்க்காலின் குறுக்குப் பரப்பு 18 சதுர அடி. அதில் 2 அடி விட்டமுள்ள சிமெண்டுக் குழாய் ஒன்றைப் புதைத்து மேலே மண்ணடித்தால், நீர் செல்லக் கிடைக்கும் பரப்பு 3 சதுர அடிக்குச் சற்று மேல். அதாவது முன்னிருந்ததில் ஐந்தில் ஒரு பங்கும் இல்லை. அதுவும் முதல் ஆண்டில் மட்டுமே. அடுத்த ஆண்டு வண்டலும் பிளாஸ்டிக் பையும் சேர்ந்து பாதியை அடைத்துவிடும். சாலைக்கு நேர்வழி விடும் அனுமதியை வழங்கும் நெடுஞ்சாலைத் துறையினர் வண்டிகளின் போக்கையும் விபத்து நேராமையையும் கருதுவது முறையே. வாய்க்காலின் கடைமடையில் எத்தனை ஏக்கர் இருக்கின்றது என்பதை அவர்களுக்கு வேறு யாராவது சொன்னால்தான் உண்டு.

நிற்க. நிலத்தை விற்ற மிராசுதாரைப் பழிப்பது நியாயமாகாது. சாலையோரத்து ஏக்கருக்குக் கிடைக்கும் கிரயத்தை நெல் விளைத்து ஈட்டப் பல தலைமுறை ஆகலாம். பெண்ணின் விவாகமோ, பிள்ளையின் படிப்போ, பழைய கடனோ நெருக்கும்போது, விளைநிலத்தைக் காக்கும் பாரத்தை அவர் ஒருவர் தலையிலே சுமத்துவது பிறர்க்கு எளிது. டிராக்டரும் அறுவடை இயந்திரமும் அருகிலேயே வாங்கவும் பழுது பார்க்கவும் கிடைப்பது விவசாயிகளுக்கு அனுகூலம் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும் விற்பவர் தம் நிலத்தை விற்கலாமேயன்றி, அண்டை நிலத்தின் வடிகாலைச் சேர்த்து விற்பதற்கு அவருக்கு உரிமை கிடையாது. 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, மேட்டு நிலத்தில் இயல்பாக விழும் நீர் தாழ்ந்த நிலத்துக்கு இயல்பாக ஓடிச்செல்ல விடப்படுவது மேட்டு நிலத்துக்காரரின் உரிமை என்று உதாரணத்தோடு கூறுகின்றது. இது சென்னை ராஜதானியில் அன்றே அமுலுக்கு வந்த சட்டம், இன்றும் உள்ளது. எனினும் அதனை நிலைநாட்ட நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். தீர்ப்பு வருமுன் பல சாகுபடிகள் போய்விடும். அனுமதி கொடுக்கும்போதே பார்த்துவிட்டால் வழக்குக்கு இடமில்லை.

அங்ஙனம் பார்ப்பதற்குச் சட்டத்தில் இடமுண்டா என்று கேட்கலாம். தாராளமாக உண்டு. 1920-ஆம் ஆண்டுச் சென்னை நகரமைப்புச் சட்டத்தின் இடத்தில் வந்த 1971-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், ‘அபிவிருத்தி’ என்ற சொல்லுக்குள் கட்டடம் கட்டுதலை மட்டும் அடக்கவில்லை. நிலத்தின் மேலும் கீழும் செய்யும் பொறியியல் வேலைகளையும், நிலப்பயனில் செய்யும் முக்கிய மாறுதலையும் அடக்குகின்றது. ஆகவே அனுமதிக்கு முன்னரே மண்ணடிப்பது, “இன்னும் கட்டடம் தொடங்கவில்லையே” என்ற சமாதானத்தால் முறையாகிவிடாது. அனுமதியின்றிச் செய்ததை நீக்கி நிலத்தைப் பழைய நிலைக்குக் கொணருமாறு கட்டளையிட 56-ஆம் பிரிவு அதிகாரம் தருகின்றது. மேலும், 49-ஆம் பிரிவு மனுவை முடிவு செய்வோர் கருதவேண்டியவை இவையெனக் கூறுங்கால், எந்த நோக்கத்துக்கு அனுமதி கேட்கப்படுகின்றது என்பதோடு, அந்நோக்கத்துக்கு அவ்விடம் ஏற்றதா என்பதையும் குறிப்பிடுகின்றது. இடம் ஏற்றதா என்ற கேள்விக்கு, நன்செய்யைப் பொறுத்தவரை, நீர் எங்கிருந்து வந்து எங்கே போகின்றது என்பதைச் சொல்லாமல் விடையிறுத்தல் இயலாது.

திட்டப்பகுதிக்கு வெளியே உள்ள வேளாண் நிலங்களுக்கு அதே சட்டத்தின் 47-ஏ பிரிவும், 2017-ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட நிலப்பயன் மாற்ற விதிகளும் உள்ளன. இவற்றின் கீழ் வரும் மனுக்களில் வருவாய்த் துறையின் அறிக்கையோடு வேளாண்மைத் துறையின் கருத்தும் கேட்கப்படுகின்றது. காவிரிப் பாசனப் பகுதியிலோ 2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இருக்கின்றதே எனச் சிலர் ஆறுதல் கொள்ளக்கூடும். அச்சட்டம் உருக்காலை, தோல் பதனிடும் தொழிற்சாலை, எண்ணெய் எரிவாயுக் கிணறு முதலிய பெருந்தொழில்களைத் தடுப்பது. வாகன விற்பனை நிலையம் அப்பட்டியலில் இல்லை. உருக்காலைக்கு எதிராக ஊரே திரளும். காட்சிக்கூடத்துக்குத் திறப்பு விழா அழைப்பிதழ்தான் வரும்.

இங்கே கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை பெரிதும் கவனிக்கற்பாலது. மேலதிகாரிகள் ஒருமுறை வந்து பார்ப்பர், அல்லது வாராதும் இருப்பர். அவர்கள் நம்பியிருப்பது கிராமத்திலிருந்து செல்லும் ஒரு பக்கக் காகிதத்தையே. ‘மேற்படி புல எண்ணில் வாய்க்கால் புறம்போக்கு ஏதுமில்லை’ என்று அதில் எழுதப்படுவதுண்டு. பெரும்பாலும் அது உண்மையே. ஆயினும் நன்செய்ப் பகுதிகளில் நீர் புறம்போக்கில் மட்டும் ஓடுவதில்லை. வயலுக்கு வயல் மடை திறந்து பாய்வதும் வடிவதும் பட்டா நிலங்களின் ஊடே மாமூலாக நடந்துவருவது. அவ்வழி புலப்படத்திலும் இல்லை, அ-பதிவேட்டிலும் இல்லை. 1980-இல் பரம்பரைக் கிராம உத்தியோகங்கள் எடுபடும்வரை இருந்த கர்ணம், வேறு குறைகள் எவையாயினும், அவ்வழியை நினைவிலே வைத்திருந்தார். இன்றைய அலுவலர் மாற்றலாகி வந்து மாற்றலாகிப் போகின்றவர். பழைய நினைவுக்கு ஈடாக எழுத்து வேண்டும். அதனை எழுதித் தரத்தக்கவர்கள் அப்பகுதி நிலக்காரர்களே.

பிற தேசத்து முறை ஒன்றை இங்கு ஒப்பிடலாம். அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் விற்பனை விலையில் நூற்றுக்கு ஒரு பங்கு வரியாக விற்பனை நடக்கும் உள்ளூருக்கே சேருமாறு 1955-ஆம் ஆண்டில் சட்டம் செய்யப்பட்டது. அதனால் வண்டி விற்போரைத் தம் எல்லைக்குள் இழுத்துக்கொள்ள நகரசபைகள் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. இங்கோ 2017-இல் வந்த சரக்கு சேவை வரியில் விற்பனை நடந்த ஊருக்கென நேரே ஒரு பங்கு கிடையாது. ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ கிடைப்பது கட்டட உரிமக் கட்டணம், சொத்துவரி, தொழில்வரி ஆகியவையே. இழக்கும் வடிகாலுக்கு அவை ஈடாகுமா என்பதை உறுப்பினர்கள் கணக்கிட்டுப் பார்த்தல் நலம். அம்மாகாணத்தின் பேராசை வேண்டா. ஆனால் அங்குள்ள வேறொரு வழக்கம் கைக்கொள்ளத்தக்கது. பொது விசாரணைக்குரிய இத்தகைய மனுவில், இடத்தைச் சுற்றி 300 அடிக்குள் சொத்துடையோர் அனைவருக்கும் குறைந்தது 10 நாள் முன்னதாகத் தபாலில் அறிவிப்பு அனுப்பவேண்டும். மேசையின்மீது வரைபடத்தை விரித்து, அண்டை வீட்டார் கேட்கும் கேள்விக்கு மனுதாரர் விடை கூறவேண்டும்.

நன்செய் நாட்டுக்கு 300 அடி என்ற அளவு பொருந்தாது. சாலையின் எதிர்ப்புறத்தில் 100 அடியில் இருப்பவருக்கு ஒரு தீங்கும் நேராதிருக்க, அதே வாய்க்காலில் ஒரு மைல் கீழே உள்ளவரின் வயல் மூழ்கக்கூடும். இங்கே தூரத்தை அடியால் அளவாமல் வாய்க்காலால் அளக்கவேண்டும். மனுவுக்குரிய நிலம் எந்த மடையில் பாய்ந்து எந்த வடிகாலில் வடிகின்றதோ, அந்த மடைக்கும் வடிகாலுக்கும் உட்பட்ட பட்டாதாரர் அனைவருக்கும் அறிவிப்புக் கொடுத்து அவர்கள் சொல்வதைக் கேட்ட பின்னரே அனுமதி வழங்கும் முறையை அரசு விதியாக வகுத்தல் வேண்டும். இதனால் மனுக்கள் தாமதப்படும் என்று ஆட்சேபணை எழலாம். பட்டாதாரர் பட்டியல் கணினியிலேயே இருக்கும் இக்காலத்தில் அத்தாமதம் சில வாரத்துக்கு மேல் இராது.

அனுமதி மறுக்கப்படவேண்டும் என்பதன்று இதன் கருத்து. பல மனுக்களில் நிபந்தனைகளே போதும். குழாய்க்குப் பதிலாக வாய்க்காலின் முழு அகலத்துக்குச் சிறு பாலம் கட்டலாம். மேற்புறத்து நீர் போவதற்கு மதிலின் ஓரமாகத் திறந்த வடிகால் விடலாம். வண்டி நிறுத்தும் வெளியைக் கல் பாவாமல் சரளையாக விட்டு, ஒரு மூலையில் மழைநீர் தங்கும் குட்டை அமைக்கலாம். 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி பெரிய மனைகளில் பொதுவாகப் பத்தில் ஒரு பங்கு திறந்தவெளியாக ஒதுக்கப்படவேண்டும். அதனை எவர்க்கும் பயன்படாத பின்மூலையில் தள்ளாமல் வடிகாலை ஒட்டி ஒதுக்கச் சொல்வதில் மனுதாரருக்குக் கூடுதல் செலவு ஏதுமில்லை. பட்டறைக் கழிவுநீரைப் பற்றி மட்டும் எவ்வித இளக்காரமும் கூடாது. பயன்படுத்திய எஞ்சின் எண்ணெய் 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயகரமான கழிவு. உரிமம் பெற்ற மறுசுழற்சியாளரிடமே அது சேரவேண்டும். வண்டி கழுவிய நீர் எண்ணெய் பிரிக்கும் தொட்டியைக் கடவாமல் வாய்க்காலில் விழுமாயின், நெல் வயலின் நீர்மேல் ஏடு படர்வதைக் காண அதிக நாள் காத்திருக்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. இடத்தைப் பார்வையிடுவோர் சித்திரை வைகாசியில் வந்தால் வடிகால் புல் முளைத்த பள்ளமாகத்தான் தோன்றும்; ‘பயனற்றது’ என்று குறிப்பெழுதுவதும் எளிது. ஐப்பசி கார்த்திகையில், மழை விட்ட மறுநாள், நிலக்காரர் இருவரை உடன் அழைத்துக்கொண்டு வரப்பின் மேல் நடந்து பார்த்து, நீர் வரும் இடத்தையும் போகும் இடத்தையும் புலப்பட நகலில் மையால் குறித்து, அதனை அறிக்கையோடு சேர்த்து அனுப்புவதற்கு அரை நாள் வேலை போதும்.