மறைநாணயத்தில் மறைவு உண்டா?

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி)

பணம் பாதாளம் வரைக்கும் பாயும் என்பது பழமொழி. அவ்வாறு பாய்ந்த பணம் எவ்வழியே சென்றது, யார் கையில் தங்கிற்று என்பதை ஒருவராலும் கண்டு சொல்ல இயலாது என்ற பொருளும் அதில் அடங்கியிருக்கிறது. ஆனால் இந்த நூற்றாண்டில் பிறந்த ஒரு புதுமைப் பணம், தான் போகுமிடமெல்லாம் அழியாத காலடித் தடத்தைப் பதித்துக்கொண்டே போகிறது. வேடிக்கை என்னவென்றால், அதற்குத்தான் நாம் 'மறைநாணயம்' என்று பெயர் சூட்டியிருக்கிறோம்! கிரேக்க மொழியில் 'கிரிப்டோஸ்' என்றால் மறைந்தது என்று பொருள். பெயர் வைத்தவர்கள் சங்கேதக் கணிதத்தை மனத்தில் கொண்டு வைத்தார்கள். செய்தித்தாளில் தலைப்பை மட்டும் படிக்கும் நாமோ, அது கண்ணுக்குப் புலப்படாத கள்ளப் பணம் என்று தீர்மானித்துவிட்டோம்.

எங்கள் வகுப்பில் இதைப் பற்றிச் சொற்போர் நடந்தபோது, ஓர் அணியினர் "இது திருடனுக்கு வாய்த்த பணம்" என்றனர். மற்ற அணியினர் "இது சுதந்திரமான பணம், அரசாங்கமே பார்க்க முடியாது" என்றனர். கைதட்டல் இரு பக்கமும் சமமாகவே கிடைத்தது. இரு அணியினரும் ஒரே தவறான நம்பிக்கையின் மீது நின்று வாதாடினார்கள் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். அதை விளக்கவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

மறைநாணயங்களுள் மூத்தது பிட்காயின். சடோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் 2008ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் அதன் திட்டம் வெளியாயிற்று. 2009 ஜனவரி 3 அன்று அதன் முதல் ஏடு எழுதப்பட்டது. ஏடு என்று நான் சொல்வது உவமைக்காக மட்டுமன்று. பிட்காயின் என்பதே அடிப்படையில் ஒரு பேரேடுதான். எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு, எவ்வளவு, எப்போது என்று ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலும் அதில் பதிவாகிறது. ஏறக்குறைய பத்து நிமிடத்திற்கு ஒரு பக்கம் கூடுகிறது. அதன் நகல் உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளில் இருக்கிறது. எழுதியதை அழிக்க முடியாது. படிப்பதற்கோ யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. நம் மளிகைக் கடைக்காரர் தம் பற்று வரவு நோட்டைத் தெருமுனையில் தொங்கவிட்டு, போவோர் வருவோரெல்லாம் புரட்டிப் பாருங்கள் என்றால் எப்படி இருக்கும்? அப்படித்தான். ஆனால் அந்த நோட்டில் 'மேலத்தெரு மரியம்மாள்' என்ற பெயர் இராது. அதற்குப் பதிலாக எழுத்தும் எண்ணுமாக ஒரு நீண்ட கோவை இருக்கும். இதுவே அதன் மறைவு முழுவதும். முகத்தை மூடிக்கொண்டு கண்ணாடி அறைக்குள் வாழ்வது போல என்று வைத்துக்கொள்ளலாம்.

முகமூடி எப்படிக் கழல்கிறது? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். துப்பறியும் கதையை ஒத்தது. ஒருத்தி ஒன்பது ரூபாய் கொடுக்க வேண்டும். அவளிடம் ஒரு சுருக்குப்பையில் ஐந்தும் இன்னொரு சுருக்குப்பையில் நாலும் இருக்கின்றன. இரண்டையும் ஒரே சமயத்தில் அவிழ்த்துக் கொடுக்கிறாள். பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு அவள் பெயர் தெரியாது. ஆனாலும் இரண்டு பைகளும் ஒருத்தியுடையவை என்பது தெரிந்துவிடும் அல்லவா? பிட்காயினிலும் இரண்டு முகவரிகளின் பணத்தைச் சேர்த்து ஒரே கொடுப்பனவாகக் கொடுத்தால், அவ்விரண்டும் பெரும்பாலும் ஒருவருடையவையே. சில்லறையும் இப்படித்தான் காட்டிக்கொடுக்கும். ஐந்து காசுகள் உள்ள முடிப்பிலிருந்து ஒன்று செலவு செய்தால், மீதி நான்கு, கொடுத்தவருடைய வேறொரு புதிய முகவரிக்குத் திரும்பி வருவது வழக்கம். வந்த சில்லறை எது என்று ஊகித்தால் அடுத்த முகவரியும் பிடிபடும். ஒன்றுக்கு மேற்பட்ட முகவரிகளைச் சேர்த்துச் செலவு செய்கையில் உடைமையாளர் ஒருவரே என்பது வெளிப்படுவதைத் தவிர்க்க முடியாது என்று நகமோட்டோவே 2008ஆம் ஆண்டுத் திட்டத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இவ்வழிகளைப் பின்பற்றி, 2013ஆம் ஆண்டில் சாரா மெய்க்கல்ஜான் என்ற பெண்மணியும் அவருடைய கூட்டாளிகளும் அமெரிக்காவின் சான் டியாகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். அவர்கள் செய்தது எளிய காரியம். தாங்களே பல கடைகளிலும் நாணய மாற்று நிலையங்களிலும் பிட்காயின் கொடுத்து வாங்கினார்கள். கொடுத்த காசு எந்த முகவரியில் போய்ச் சேர்ந்தது என்று குறித்துக்கொண்டார்கள். ஒரு கடையின் ஒரு முகவரி தெரிந்தால், அந்தச் சுருக்குப்பை நியாயப்படி அதே கடையின் ஆயிரம் முகவரிகள் கூடவே தெரிந்துவிடுகின்றன. கணக்குப் பாடம் எதற்கு உதவும் என்று கேட்கும் தோழியர் இதைச் சற்றுக் கவனிக்கவும்.

இனி, சாதாரண மனிதர் இந்த நாணயத்தை எங்கே வாங்குவார்? மாற்று நிலையத்தில்தான். அங்கே புகைப்படமும் அடையாள அட்டையும் கேட்பார்கள். நம் நாட்டிலும் 2023 மார்ச்சிலிருந்து இந்நிலையங்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. ஆக, ஓரிடத்தில் ஒரு முறை பெயர் ஒட்டிக்கொண்டால் போதும், முன்னும் பின்னும் உள்ள வரலாறு முழுவதும் அப்பெயரைச் சுமந்துகொள்ளும். வங்கியின் பாஸ் புத்தகத்தை நானும் வங்கியும் பார்ப்போம். வழக்கு வந்தால் நீதிமன்றம் பார்க்கும். பேரேட்டையோ உலகமே பார்க்கும்.

இதனால் விளைந்த நன்மையை நான் மறைக்கப் போவதில்லை. 2011இல் தோன்றிய 'சில்க் ரோடு' என்ற கள்ளச் சந்தையில் போதைப் பொருள்கள் பிட்காயினுக்கு விற்கப்பட்டன. 2013 அக்டோபரில் அமெரிக்க அதிகாரிகள் அதை மூடினார்கள். அந்தப் புலன்விசாரணையில் ஈடுபட்டிருந்த அரசாங்க அதிகாரிகள் இருவரே இடையில் கைவரிசை காட்டி நாணயங்களைச் சுருட்டிக்கொண்டார்கள்! வேலியே பயிரை மேய்ந்த கதை. பேரேட்டின் தடம் அவர்களையும் விடவில்லை. 2015இல் இருவருக்கும் சிறைத்தண்டனை கிடைத்தது. இன்னொன்று: 2016 ஆகஸ்டில் பிட்ஃபினெக்ஸ் என்ற நிலையத்திலிருந்து 1,19,754 பிட்காயின்கள் களவு போயின. களவாடியவன் அவற்றைச் சிறு சிறு தொகைகளாகப் பிரித்து, பல வழிகளில் சுற்றி அனுப்பினான். ஐந்தரை ஆண்டுகள் கழித்து, 2022 பிப்ரவரியில், அவற்றுள் 94,000க்கு மேற்பட்டவை மீட்கப்பட்டன. மீட்டபோது அவற்றின் மதிப்பு 360 கோடி டாலர். ரொக்கமாகத் திருடியிருந்தால் ஐந்தரை ஆண்டுகளுக்குப் பின் அதைத் தேடிக் கண்டெடுப்பார் உண்டா?

ஆயினும் பார்ப்பது வேறு, பிடிப்பது வேறு. 2024 ஜூலையில் நம் நாட்டு நிலையமான வாசிர்எக்ஸிலிருந்து சுமார் 23 கோடி டாலர் பெறுமான நாணயங்கள் பறிபோயின. பணம் எந்தெந்த முகவரிகளுக்குப் போகிறது என்பது உலகத்தார் கண்முன்னே தெரிந்தது. கொண்டு போனது வட கொரியக் கூட்டம் என்று 2025 ஜனவரியில் அமெரிக்கா, ஜப்பான், தென் கொரியா ஆகிய மூன்று அரசுகள் கூட்டாக அறிவித்தன. அறிவித்து என்ன? சாவி எவன் கையிலோ, பணமும் அவனுடையதே. திருடன் வீதியில் நடந்து போவதைச் சாளரத்தின் வழியே பார்த்துக்கொண்டு நிற்பது போலாயிற்று, பணம் போட்டவர்களின் கதி.

"ஒளிக்க ஒன்றும் இல்லாதவர் ஏன் அஞ்ச வேண்டும்? மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்?" என்று சொற்போரில் ஒரு தோழி மடக்கினாள். அப்போது மணி அடித்துவிட்டதால் பதில் சொல்ல முடியாமற் போயிற்று, இங்கே சொல்கிறேன். அந்தப் பழமொழியில் மடியில் இருக்கும் கனம் எது? பணம். வழியில் வரும் பயம் யாரால்? கள்ளனால். நேர்மையாய்ச் சம்பாதித்த காசை மடியில் கட்டிக்கொண்டு போகிறவருக்கும் அந்தப் பயம் உண்டு. அப்படியிருக்க, அவர் மடியில் எவ்வளவு கனம் என்று ஊருக்கெல்லாம் பறையறைவது எந்த நியாயம்?

இது வெறும் கற்பனையன்று. பிரான்ஸ் நாட்டில் மறைநாணயச் சாவிகளைப் பாதுகாக்கும் சிறு கருவிகளைச் செய்து விற்கும் நிறுவனம் ஒன்றுண்டு. அதன் பெயரே 'லெட்ஜர்', அதாவது பேரேடு. பொருத்தந்தான்! 2020ஆம் ஆண்டு அதன் வாடிக்கையாளர் பட்டியல் திருடப்பட்டு, ஏறத்தாழ 2,72,000 பேருடைய பெயரும் வீட்டு விலாசமும் தொலைபேசி எண்ணும் வெளியாயின. யார் வீட்டில் மறைநாணயம் இருக்கிறது என்ற பட்டியல் கள்ளர் கையில் கிடைத்தால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. 2025 ஜனவரியில் அந்நிறுவனத்தைத் தோற்றுவித்தவருள் ஒருவரும் அவருடைய மனைவியும் கடத்தப்பட்டனர். போலீசார் மீட்பதற்குள் அவர் விரலொன்றை இழந்தார். பெரும் பணக்காரர் என்று ஊரறிந்தவர் அவர். ஆனால் பட்டியலில் இருந்த இலட்சக்கணக்கானோர் நம் பெற்றோரைப் போன்றவர்களே.

பணக்காரர் கதை நமக்கெதற்கு என்பீர்களேயானால், சிறுவாட்டுக்கு வருகிறேன். எங்கள் பாட்டியிடம் இந்தப் பேரேட்டு விஷயத்தை விளக்கியபோது, "அப்போ நான் கடுகு டப்பாவுல போட்டு வைக்கிறதும் ஊருக்கெல்லாம் தெரியுமாக்கும்? போடி, இவளே! உங்க தாத்தாவுக்கே இன்னும் தெரியாது" என்றார்கள். சிரித்தேன். பிறகு யோசித்தேன். வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து, யாருக்கும் சொல்லாமல் பெண்கள் சேர்த்து வைக்கும் சிறுவாடு எத்தனை குடும்பங்களில் பள்ளிக் கட்டணமாகவும் பிரசவச் செலவாகவும் மாறியிருக்கிறது! குடிகாரக் கணவன் கண்ணில் அது பட்டிருந்தால் ஒரு நாள் தங்கியிருக்குமா? அந்த மறைவில் குற்றம் ஏதும் இல்லை. அந்த மறைவு இல்லாவிட்டால் அந்தச் சேமிப்பே இல்லை. இரகசியம் என்றாலே களவு என்று எண்ணுகிறவர்கள் ஆண்களாகவே இருக்க வேண்டும் என்பது என் சந்தேகம். (தந்தையர் மன்னிக்க!)

பேரேட்டின் கண்ணிலிருந்து ஒதுங்கவும் வழிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள். 'டொர்னேடோ கேஷ்' என்பது ஒரு கலப்பான். பலரும் ஒரே அளவான தொகையை அதில் போடுவார்கள். பிற்பாடு, நானும் போட்டேன் என்று மட்டும் கணித முறைப்படி நிரூபித்து, வேறு முகவரியில் எடுத்துக்கொள்வார்கள். எடுத்தது யார் போட்ட பணம் என்று தெரியாது. வட கொரியக் கள்ளரும் இதைப் பயன்படுத்தியதால் 2022 ஆகஸ்டில் அமெரிக்கா அதற்குத் தடை விதித்தது. ஆனால் ஈதரியம் நாணயத்தைத் தோற்றுவித்தவருள் ஒருவரான விட்டாலிக் பியூட்டரின், உக்ரைனுக்கு நன்கொடை அனுப்ப அதையே பயன்படுத்தினேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். போர்க்காலத்தில் யாருக்கு யார் உதவினார் என்பது எதிரிக்குத் தெரிய வேண்டுமா என்ன? தடை வந்த சில நாட்களில் யாரோ ஒரு குறும்பர், புகழ்பெற்ற பலருடைய முகவரிகளுக்கு அந்தக் கலப்பானிலிருந்து 0.1 ஈதர் வீதம் அனுப்பி வைத்தார். வரும் பணத்தை வேண்டாம் என்று தடுக்க இதில் கதவு கிடையாது. தடம் இருப்பதனாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிடமாட்டார் என்பதை இதைவிடத் தெளிவாக யார் காட்ட முடியும்? சட்டத்தின் எல்லையை மீறிய தடை என்று 2024 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிற்று. 2025 மார்ச்சில் தடை நீங்கியது.

மொனேரோ என்ற நாணயம் 2014 முதல் வழங்கி வருகிறது. அதில் கொடுத்தவர், வாங்கியவர், தொகை மூன்றுமே மறைவு. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய சட்டப்படி, 2027 ஜூலை முதல் அங்குள்ள நிலையங்கள் இவ்வகை நாணயங்களைக் கையாளக் கூடாது. முழு இருட்டும் வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடே. பிணைப்பணம் கேட்டு மருத்துவமனைக் கணிப்பொறிகளை முடக்கும் பாவிகளுக்கு ஒளிந்துகொள்ள இடம் கொடுக்கலாகாது. ஆனால் திருடன் ஒளிவான் என்பதற்காக ஊரிலுள்ள வீடுகளுக்கெல்லாம் கதவைக் கழற்றிவிடச் சொல்வதை ஒப்ப முடியவில்லை. ஒட்டிய கடிதத்தைத் தபால்காரர் படிப்பதில்லை. வழக்கு என்று வந்தால் சட்டப்படி அதிகாரம் பெற்றவர் பிரிக்கலாம். பணத்துக்கும் அந்த முறை போதும்.

நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். ரிசர்வ் வங்கி 2022 அக்டோபரில் மின்னணு ரூபாயைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டு, டிசம்பரில் பொதுமக்களிடையே சோதனையும் தொடங்கிற்று. கையில் புழங்கும் ரொக்கத்தைப் போலவே, சிறு தொகைக்கு ஓரளவு பெயர் தெரியாத நிலை இருப்பது விரும்பத்தக்கது என்று அந்த அறிக்கை கூறுகிறது. எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் சிறு தொகை என்றால் எவ்வளவு? ஒரு மாத மளிகையா, ஒரு பவுன் சங்கிலியின் விலையா, ஒரு பிரசவச் செலவா? அந்தக் கோட்டைப் போடும் குழுவில் கணிப்பொறி வல்லுநரும் போலீஸ் அதிகாரியும் நிச்சயம் இருப்பார்கள். கடுகு டப்பாவில் காசு சேர்த்த ஒரு பெண்ணுக்கும் அங்கே ஒரு நாற்காலி போடச் சொல்லி ரிசர்வ் வங்கிக்குக் கடிதம் எழுதலாம் என்றிருக்கிறேன். கையொப்பமிட விரும்பும் தோழியர் 'ஆ' பிரிவுக்கு வரலாம்.