வியாசத்தில் தொடர்ச்சி

தமிழ் வியாசம் எழுதும் மாணவருட் பெரும்பாலாரிடம் பரீட்சகர் காணும் குறை ஒன்றே. அது 'தொடர்ச்சி இல்லை' என்பது. இக்குறைக்கு மருந்தாக மாணவரிடை வழங்குவதும் ஒன்றே. வாக்கியந்தோறும் முன்னே மேலும், எனவே, ஆகவே, ஆயினும் என்பவற்றுள் ஒன்றைப் பெய்து விடுதல். இம்மருந்தால் நோய் தீர்வதில்லை என்பதே எமது கருத்து. யாமும் அதனை உண்டு பார்த்தவரே யாதலின், பிறரைப் பழிக்கும் எண்ணம் எமக்கில்லை.

சென்ற பருவத்தில் தாமிரவருணியைப் பற்றி ஒரு வியாசம் எழுதினோம். ஆசிரியர் அதிலிருந்த பதினொரு 'மேலும்'களைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, "இவற்றை நீக்கி, வாக்கியங்களை வேறு வரிசையில் வைத்துப் பாரும், பொருள் கெடுகிறதா?" என்று அடியில் எழுதித் தந்தார். வைத்துப் பார்த்தோம்; கெடவில்லை. அதுவே நாணந் தந்தது. எவ்வரிசையில் வைப்பினும் ஒன்றுபோலிருப்பவை வரிசையே இல்லாதன அல்லவா? பொதிகையிற் புறப்பட்டு, திருவைகுண்டத்து அணைக்குத் தாவி, மீண்டும் பாபநாசத்துக்கு ஏறி, புன்னைக்காயலிற் கடலோடு கலந்தபின் சிற்றாற்றை நினைத்துக்கொண்டு சீவலப்பேரிக்குத் திரும்பியிருந்தோம். இத்தாவல்களையெல்லாம் 'மேலும்' என்னும் சொல் மறைத்து நின்றது.

சூத்திரங்கள் ஒன்றையொன்று தொடரும் நிலையை நன்னூலார் நால்வகையாகப் பகுத்தார். ஓடும் ஆறுபோல முறையே செல்வது ஆற்றொழுக்கு. சிங்கம் முன்னும் பின்னும் பார்ப்பது போல்வது அரிமா நோக்கம். இடைவிட்டுத் தாவுவது தவளைப் பாய்த்து. உயரப் பறந்து ஒன்றைக் குறித்து இறங்குவது பருந்தின் வீழ்வு. தாவுதலும் ஒரு நிலையாகவே கொள்ளப்பட்டது காண்க. அதனை அவர் குற்றமென்றாரல்லர். எனினும் தவளை தான் இறங்குமிடத்தை அறிந்தே பாயும். எமது வியாசம் அவ்வாறு பாய்ந்ததன்று. அவ்வாசிரியரே நூலின் அழகுகளுள் ஒன்றாக 'முறையின் வைப்பு' என்பதனையும் எண்ணினார். தேர்வுக்காக அதனை மனப்பாடஞ் செய்த நாம், தேர்வுத்தாளில் அதனைக் கையாளுவதில்லை.

முறையும் ஒன்றேயன்று. தாமிரவருணியின் எட்டு அணைக்கட்டுக்களைக் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், திருவைகுண்டம் என நீர் செல்லும் வழியே சொல்லலாம். அன்றிக் கட்டப்பட்ட காலம்பற்றியும் சொல்லலாம். எட்டாவது பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கில ஆட்சியில் எழுந்தது. ஏனையேழும் அதனின் முற்பட்டன. இரண்டிலொன்றைத் தேர்ந்து பற்றிக்கொண்டால் 'அதற்குக் கீழே' என்பதும், 'அதன் பின்னர்' என்பதும் தாமே வந்து பொருந்தும். இரண்டையும் கலப்பவனுக்கே 'மேலும்' வேண்டியிருக்கிறது.

இனித் தமிழின் இயல்பை நோக்குவோம். இடையன்குடியில் நெடுங்காலம் வாழ்ந்த கால்டுவெல் ஐயர் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில், வாக்கியங்களை இணைக்கத் தனிச்சொற்களைக் காட்டிலும் வினையெச்சங்களையே விரும்புதல் திராவிட மொழிகளின் இனவியல்புகளுள் ஒன்றென்று எடுத்துக் காட்டினார். 'மழை பெய்து ஆறு பெருகிற்று' என்பதில் இணைப்புச் சொல் யாதுமில்லை, இணைப்போ அறுபடவில்லை. 'பெய்தமையின்' என்றாற் காரணம். 'பெய்தும்' என்றால் எதிர்பார்த்தது நிகழாமை. 'பெய்யின்' என்றால் நிபந்தனை. ஓர் 'உம்' வாதத்தின் திசையையே திருப்பிவிடுகின்றது. இத்துணை நுண்ணிய கருவிகள் நம் மொழிக்குள்ளேயே இருக்க, ஆங்கில வியாசத்தைப் பார்த்துத் தனிச்சொற்களை வரிசையாக நடுவது எற்றுக்கு?

இதனால் தனிச்சொல்லே வேண்டாவென்று யாம் கூறுவதாகக் கொள்ளற்க. எச்சத்தின்மேல் எச்சமாக அரைப்பக்கம் அடுக்கி, முற்றுவினை வருவதற்குள் எழுவாய் யாதென்பதை மறக்கச் செய்யும் உரைநடையும் நம்மிடம் உண்டு. வாக்கியத்தை அறுக்கவேண்டிய இடத்திலே தனிச்சொல் இன்றியமையாதது. இதற்குச் சான்று நமது ஊரிலேயே கிடைக்கும். 1820 முதல் 1838-இல் உயிர் நீக்குமளவும் பாளையங்கோட்டையில் ஊழியஞ்செய்த இரேனியஸ் ஐயர் புதிய ஏற்பாட்டைத் தமிழிற் பெயர்த்தார். வேதமொழிபெயர்ப்பின் நெறிகளைக் குறித்து 1827-இல் ஆங்கிலத்தில் ஒரு நூலும் வெளியிட்டார். மூலத்தின் சொல்லமைப்பை அவ்வாறே கொணர்வதினும், பொருளைத் தமிழ் வழக்கிற்கு இயையச் சொல்லுதலே தக்கதென்பது அவர் துணிபு.

அது சொல்லுதற்கெளிது; செய்தற்கரிது. ரோமருக்கு எழுதிய நிருபத்தின் முதலதிகாரத்தில், 16 முதல் 18 வரையுள்ள மூன்று வசனங்களில், காரணம் உணர்த்தும் 'கார்' என்னும் கிரேக்க இடைச்சொல் நான்கு முறை வருகிறதென வேதபாட வகுப்பிற் கேட்டோம். அப்போஸ்தலர் முதலிற் கூற்றை வைத்து, அதற்குக் காரணம், அக்காரணத்துக்குக் காரணம் என மேன்மேற் செல்கிறார். தமிழின் இயல்போ காரணத்தை முன்வைத்து முடிபைப் பின்வைப்பது. ஒரு காரணமாயின் மாற்றி வைத்துவிடலாம். நான்கையும் மாற்றினால் கடைசி வசனம் முதலாகி, வாதம் தலைகீழாகும். அங்கே 'ஏனெனில்' என்றோ 'எப்படியென்றால்' என்றோ ஒரு சொல் நின்றே தீரவேண்டும். அச்சொல்லை எடுத்துவிட்டு வசனங்களை இடம் மாற்றினாற் பொருள் கெடும். எமது 'மேலும்' இத்தேர்வில் தேறாதது.

காரணச்சொல்லைத் தவறாகப் பெய்வது நடைப்பிழை மாத்திரமன்று; சில வேளைகளிற் பொய்ச்சாட்சியுமாம். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களைச் சூழ்ந்த வெள்ளத்தை நாம் மறக்கவில்லை. 'அணைகள் திறக்கப்பட்டன, ஆகவே ஊர்கள் மூழ்கின' என்று ஒருவர் எழுதினால், இரண்டு வாக்கியங்களும் தனித்தனியே மெய்யாயிருக்கலாம். ஆனால் கடற்கரைக் காயல்பட்டினத்தில் மட்டும் ஒருநாட்பொழுதில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை அவ்வூரின்மேலேயே கொட்டிற்று. இதனையறிந்தும் 'ஆகவே' என்பானாயின், அவன் ஒரு சொல்லால் வழக்கைத் தீர்த்துவிட்டான். நிவாரணம் வேண்டி விண்ணப்பம் எழுதும் ஊராருக்கும் அதனை ஆராய்வோருக்கும் அந்த ஒரு சொல்லிற் பெரும் பொறுப்புண்டு.

நமது தமிழ் வகுப்புக்களில் ஒரு பயிற்சி நடத்தலாமென வேண்டிக்கொள்கின்றோம். நல்ல உரைநடைப் பத்தியொன்றின் வாக்கியங்களைத் தனித்தனியே நறுக்கிக் கலைத்து, மாணவர் கையிற் கொடுத்து, மீண்டும் அடுக்கச் சொல்லலாம். அரைமணி நேரம் போதும், செலவுமில்லை. விடுதியறையில் நண்பர் மூவருடன் இதனைச் செய்து பார்த்தோம். இருவர் அடுக்கியது பொருந்திற்று. மூன்றாமவர் அடுக்கியது வேறு. அதுவும் பொருந்தவே, மூலவாசிரியர் மீதே ஐயங்கொண்டோம்.

ஆற்றைப் பற்றிய வியாசத்தைத் திரும்ப எழுதிக் கொடுத்தோம். பதினொன்றில் ஒரு 'மேலும்' எஞ்சி நின்றது, சிற்றாறு கலக்குமிடத்தில். ஆசிரியர் அதனையும் வட்டமிட்டிருக்கிறார். இம்முறை யாம் உடன்படவில்லை. காரணத்தை ஓரத்தில் எழுதி அவரிடமே சேர்ப்பித்துள்ளோம்.