காளி கம்பெனி கரையேறுமா?

டபிள்யூ டபிள்யூ எஃப் சீட்டு வச்சு விளையாடாம வளர்ந்தவங்க நம்ம செட்டுல யாராச்சும் உண்டா? உயரம், எடை, நெஞ்சளவு, ஜெயிச்ச சண்டைன்னு கூவிக் கூவி எதிராளி சீட்டைப் புடுங்கின தலைமுறை நாம. அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர்னு அடிச்சு சத்தியம் பண்ண ஒருத்தன் எல்லா ஸ்கூல்லயும் இருந்தான். அதனால ரெஸ்லிங் பத்தி எழுத எனக்கு முழுத் தகுதி உண்டுன்னு நானே சொல்லிக்கிறேன் :-)

மேட்டர் இதுதான். தி கிரேட் காளி, அதாவது தலீப் சிங் ராணா, 2015-ல் ஜலந்தரில் கான்டினென்டல் ரெஸ்லிங் என்டர்டெயின்மென்ட்னு ஒண்ணு ஆரம்பிச்சார். சுருக்கமா சி.டபிள்யூ.இ. பயிற்சிப் பள்ளியும் உண்டு, ஷோவும் உண்டு. இந்த மாதிரி சின்னக் கம்பெனி நம்ம நாட்டில் வளருமா? வளரும்ங்கறது என் கட்சி. ஆனா இப்ப போற ரூட்டில் போனா கஷ்டம்.

வெட்டியா யோசிக்கிற விஷயம் இல்ல இது. இங்க வேங்கிக்கால்ல எங்க தெருப் பையன் ஒருத்தன் ரெண்டு வருஷமா ஜிம்மே கதின்னு கிடந்து உடம்பை ஏத்தி வச்சிருக்கான். ஜலந்தர் போய்ச் சேர்ந்தே தீருவேன்னு ஒத்தைக் காலில் நிக்கிறான். அவங்கப்பா என்கிட்ட கேட்ட ஒரே கேள்வி: "ஏம்பா, அதுல சோறு கிடைக்குமா?" இந்தத் தொழிலோட எதிர்காலத்தை இதைவிடச் சுருக்கமா யாரும் கேட்டுட முடியாது.

முதல்ல பழைய கணக்கைப் பார்ப்போம். அமெரிக்காவில் டபிள்யூ டபிள்யூ ஈ-க்கு அடுத்த வரிசையில் இருந்த டி.என்.ஏ. கம்பெனி, 2011 டிசம்பரில் புனே பாலேவாடிக்கு வந்து 'ரிங் கா கிங்' எடுத்தது. ஹர்பஜன் சிங்தான் விளம்பர முகம். 2012 ஜனவரியில் கலர்ஸ் டிவியில் ஆரம்பிச்சு, 26 எபிசோட் ஓடி, ஏப்ரலில் முடிஞ்சது. ரெண்டாவது சீசன் வரவே இல்லை. 2017-ல் அதே கம்பெனி மும்பைக்கு வந்து சில எபிசோட் எடுத்துட்டுப் போச்சு. இந்திய வம்சாவளி சோன்ஜய் தத் அங்க பட்டமும் ஜெயிச்சார். அப்புறம்? பெட்டியைக் கட்டிட்டாங்க. ஷூட்டிங்குக்கு வந்த யூனிட் கிளம்பின மாதிரிதான், ஊர்ல ஒண்ணும் மிஞ்சலை.

காளி இந்த இடத்தில் வித்தியாசம். அவர் ஊர்லயே ஒரு பள்ளிக்கூடம் வச்சார். ஆளை வளர்த்தாத்தான் ஆட்டம்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. 2016 பிப்ரவரியில் உத்தராகண்டில் ஷோ போட்டார். ஹல்த்வானியில் வெளிநாட்டுக்காரங்க சேர்ந்து நாற்காலியால் அடிச்சாங்க, காளி ஆஸ்பத்திரியில்னு டிவி நியூஸ் அலறுச்சு. நாலே நாள்ல தலையில் கட்டோட டேராடூனில் வந்து பழி வாங்கினார். நம்மூர் படத்தில் இடைவேளைக்கு முன்னாடி ஹீரோ அடி வாங்குற அதே ஃபார்முலா!

சிக்கல் அதுக்கப்புறம்தான். பள்ளியில் படிச்சவங்க கண்ணு முழுக்க அமெரிக்கா மேல. சல்வார் கமீஸோட சண்டை போட்டு 2016-ல் இணையத்தைக் கலக்கின கவிதா தேவி, 2017-ல் டபிள்யூ டபிள்யூ ஈ போனாங்க. அங்க போன முதல் இந்தியப் பெண். 2021-ல் வெளிய விட்டுட்டாங்க. காளிகிட்ட பயிற்சி எடுத்த ஷாங்கியும் போனார், 2023-ல் அவரையும் அனுப்பிட்டாங்க. நாத்து விடறது இங்க, நடறது அங்க, பயிர் சரியில்லைன்னு புடுங்கிப் போடுறதும் அவங்க. நாத்தங்காலை மட்டும் வச்சுக்கிட்டு எவ்வளவு நாள் விவசாயம் பண்ண முடியும்?

சரி, பெரிய டிவி கிடைச்சா விடிஞ்சுடுமா? ஈ.சி.டபிள்யூ. கதையைப் பாருங்க. பிலடெல்பியாவில் பிங்கோ ஆடுற ஒரு ஹாலில் நடத்தி, அந்த ஊர் ஜனத்தைக் கிறுக்குப் பிடிக்க வச்ச சின்னக் கம்பெனி. 1999-ல் அமெரிக்கா முழுக்கத் தெரியுற சேனல் கிடைச்சது. 2001-ல் கடையைச் சாத்தியாச்சு. டி.என்.ஏ.வும் 2010-ல் திங்கக்கிழமை ராத்திரி பெரியண்ணனோட நேருக்கு நேர் மோதிப் பார்த்தது. சில மாசத்திலேயே வியாழக்கிழமைக்குத் திரும்பி வந்தது. ஆனா 2002-ல் ஆரம்பிச்ச அந்தக் கம்பெனி, முதலாளி மாறி, பேர் மாறி, 2024-ல் பழைய பேருக்கே வந்து இன்னும் உயிரோட இருக்கு. தன் அளவு தெரிஞ்சுக்கிட்டது பிழைச்சது.

"முடிவு முன்னாடியே எழுதின சண்டையை எவன் காசு குடுத்துப் பாப்பான்?"னு கேக்குறவங்க எங்க மாவட்டத்துக்கு வாங்க. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் ராத்திரி ராத்திரி பாரதக் கூத்து. கட்டியங்காரன் வந்து ஆளை அறிமுகம் பண்ணி, கிண்டலடிச்சு, கூட்டத்தைச் சூடேத்துவான். கடைசி நாள் படுகளம். மண்ணால் செஞ்ச பெரிய துரியோதனன் படுத்திருப்பான். பீமன் தொடையில் அடிப்பான், செவப்புத் தண்ணி வழியும், திரௌபதி கூந்தலை முடிவா. துரியோதனன் ஜெயிப்பான்னு நினைச்சு ஒருத்தனாவது போயிருப்பானா? ஆனாலும் ஊரே நிக்கும். முடிவு தெரிஞ்ச கதையை விடிய விடியப் பார்க்குற ஜனம் நாம. ரெஸ்லிங்குக்கு இதைவிட நல்ல ரசிகன் எங்க கிடைப்பான்?

கூத்து ஜமாவோட கணக்கையும் கவனிங்க. டிக்கெட் கிடையாது. ஊர்க்காரங்க வீட்டு வீட்டுக்கு வரி போட்டு வசூல் பண்றாங்க, ஜமாவுக்கு முன்பணம் குடுக்குறாங்க. சீசன்ல ஊர் மாத்தி ஊர் ஆட்டம். சின்ன ரெஸ்லிங் கம்பெனிக்கு ஏத்த வழி இதுதான்னு நான் சொல்றேன். ஒரு லாரியில் ரிங்கை ஏத்து. பத்துப் பேரைக் கூட்டிக்கோ. நாலஞ்சு மாவட்டத்தைத் தாண்டாதே. திருவிழாக் கமிட்டி, பொருட்காட்சி, பொங்கல் விளையாட்டு விழா, இவங்ககிட்ட மொத்தமா பேசி ஆட்டத்தை வில்லு. வில்லன் நம்ம பாஷையில் திட்டணும். ஆரணிக்காரன் செங்கம் ஆளைச் சீண்டணும். அடுத்த வருஷம் பழி வாங்க அதே ஊருக்கு வரணும்.

கபடியைப் பாருங்க. ப்ரோ கபடி 2014-ல் வந்தது, தமிழ் தலைவாஸ் 2017-ல். அதுக்கு ரொம்ப முன்னாடியே கிராமத்துக் கிராமம் கபடி ஆடிக்கிட்டுத்தான் இருந்தோம். டிவி வந்து இருந்ததைத் தூக்கி விட்டது, அவ்வளவுதான். ரெஸ்லிங்குக்குத் தமிழ்நாட்டில் ரசிகன் இருக்கான், அடித்தளம் இல்லை. டபிள்யூ டபிள்யூ ஈ 2023 செப்டம்பரில் ஹைதராபாத்தில் ஒரு ராத்திரி வந்து ஜான் சீனாவைக் காட்டிட்டுப் போச்சு. அந்த மாதிரி வருஷம் ஒருநாள் கூத்தை அவங்களே நடத்திக்கட்டும். மிச்சம் 364 நாள் காலியாத்தானே கிடக்கு?

அந்தப் பையனோட அப்பாவுக்கு நான் சொன்ன பதில்: போகட்டும், ஆனா ஒரு டிகிரியை முடிச்சுட்டுப் போகட்டும். கத்துக்கிட்டு அமெரிக்கா விசாவுக்குக் காத்துக் கிடக்காம இங்க திரும்பி வரட்டும். நாலு பேரைச் சேர்த்து ஒரு ஜமா கட்டினான்னா சோறு கிடைக்கும், கார் கிடைக்குமான்னு தெரியாது.

காளி மாதிரி ஒரு ஆள் பள்ளி தொடங்கினது முதல் படி. அந்தப் பள்ளியில் படிச்சவன் தன் ஊரில் ரிங் போடுற அன்னைக்குத்தான் கம்பெனி வளர்ந்ததா அர்த்தம்.

டிஸ்கி: "எல்லாம் பொய் சண்டைதானே"ன்னு கிளம்பி வர்றவங்களுக்கு: ரிங்கில் மெத்தைக்குக் கீழ பலகை, பலகைக்குக் கீழ இரும்பு. முடிவுதான் எழுதி வச்சது. முதுகு நிஜம்.