பூட்டிய அலமாரியும் திறந்த நூலகமும்



சில மாதங்களுக்கு முன் ஒருநாள், அஸர் தொழுகை முடிந்து மதரஸாவில் அமர்ந்திருந்த வேளையில், முன்பு என்னிடம் ஓதிய மாணவி ஒருத்தி தன் தாயாருடன் வந்தாள். இப்போது அவள் கல்லூரியில் முதுகலைத் தமிழ் பயில்கிறாள். "உஸ்தாத், பீர்முஹம்மது அப்பா அவர்களின் பாடல்களைப் பற்றி ஆய்வேடு எழுதப் போகிறேன். எங்கள் கல்லூரி நூலகத்தில் ஒரு நூல்கூட இல்லை. தங்களிடம் ஏதேனும் இருக்குமா?" என்று கேட்டாள்.

ஆண்டுதோறும் ரஜப் மாதத்தில் ஞானப்புகழ்ச்சி விடிய விடியப் பாடப்படுகின்ற ஊர் நம் தக்கலை. அந்த ஓசையைக் கேட்டே வளர்ந்த பெண்ணுக்கு, அப்பாடல்களைப் பற்றிய நூல் தன் கல்லூரியில் கிடைக்கவில்லை. என்னிடமிருந்த முன்பக்கங்கள் இல்லாத பழைய பிரதியை எடுத்துக் கொடுத்தேன். அப்போது அவள் தாயார் சொன்னார்: "என் வாப்பா வைத்திருந்த கிதாபுகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன, உஸ்தாத். அரபுத் தமிழ் நூல்களும் இருந்தன. வீட்டை இடித்துக் கட்டியபோது எல்லாவற்றையும் பழைய தாள் வாங்குபவரிடம் எடைக்குப் போட்டுவிட்டோம்." இதைச் சொன்னபோது அவர் தம் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து இந்த எண்ணம் என்னை விட்டு அகலவில்லை. நூலகம் என்பது யாருடைய பொறுப்பு? கல்லூரியுடையதா, நம்முடையதா?

ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்கு முன் நான் இளங்கலை பயின்ற காலத்தில், கல்லூரி நூலகம் என்றால் கண்ணாடிக் கதவும் பூட்டும் கொண்ட அலமாரிகளே நினைவுக்கு வரும். அட்டைப் பெட்டியில் தேடி, நூலின் எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒருமுறை இஸ்லாமிய வரலாற்று நூல் ஒன்றைக் கேட்டேன். "அது ஆசிரியர்களுக்கு மட்டும்" என்று விடை வந்தது. மூன்றாண்டுகளும் அந்நூலின் முதுகெழுத்தைக் கண்ணாடி வழியே படித்ததோடு சரி.

இத்தகைய பூட்டுகளைக் களைய வேண்டும் என்று பாடுபட்டவர் நம் தமிழகத்தவரே. 1892இல் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.அரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக அமர்த்தப்பட்டார். வேலையில் சேர்ந்த சில நாட்களிலேயே அந்தத் தனிமை பிடிக்காமல், மீண்டும் கற்பிக்கப் போய்விடுகிறேன் என்றாராம். முதலில் இலண்டன் சென்று நூலகப் பயிற்சி பெற்று வாருங்கள், பிறகும் பிடிக்காவிட்டால் பழைய பணிக்கே திரும்பலாம் என்று அனுப்பி வைத்தனர். திரும்பி வந்த அவர், தம் வாழ்நாள் முழுவதையும் நூலகத்திற்கே கொடுத்தார். வாசகர் தாமே அடுக்கிலிருந்து நூலை எடுத்துப் பார்க்கும் முறையைச் சென்னையில் கொண்டு வந்தார். 1931இல் அவர் வெளியிட்ட நூலகவியல் விதிகள் ஐந்தனுள் முதலாவது, நூல்கள் பயன்படுத்தப்படுவதற்கே என்பதாகும்.

இக்கருத்து நமக்குப் புதிதன்று. 1234இல் பக்தாதில் திறக்கப்பட்ட முஸ்தன்ஸிரிய்யா மதரஸாவில் மாணவருக்கென்று பெரியதொரு நூலகம் இருந்தது. முஸ்லிம் உலகின் பல ஊர்களில் நிலத்தையும் கிணற்றையும் வக்ஃபு செய்ததைப் போலவே நூல்களையும் வக்ஃபு செய்தனர். உடைமை அல்லாஹ்வுக்கு, பயன் கற்பவருக்கு. அந்த மரபில் வந்த நாம்தான் இன்று கிதாபுகளை எடைக்குப் போடுகிறோம்.

எடைக்குப் போனால் என்ன நேரும் என்பதற்கு நம் இலக்கிய வரலாறே சான்று. இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தின் மிகப் பழைய நூலென அறிஞர்கள் கருதும் பல்சந்தமாலை இன்று முழுமையாக இல்லை. களவியற்காரிகை என்னும் மற்றொரு நூலின் உரையில் மேற்கோளாக இடம்பெற்ற சில பாடல்களே எஞ்சியுள்ளன. அந்த உரைகாரர் எடுத்துக் காட்டியிராவிட்டால் அந்நூலின் பெயரைக்கூட நாம் அறிந்திருக்க மாட்டோம். முழுமையாகக் கிடைத்துள்ள மிகப் பழைய நூலான ஆயிரம் மசலா 1572ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதற்கு முன் எத்தனை கிஸ்ஸாக்களும் முனாஜாத்துகளும் கரையானுக்கு இரையாயினவோ, அல்லாஹ்வே அறிவான்.

இனி, நூலகங்கள் இன்று எப்படி மாறியுள்ளன என்பதைப் பாருங்கள். காரைக்குடிக்கு அருகிலுள்ள கோட்டையூரில் ரோஜா முத்தையா என்னும் தனி மனிதர், தம் வாழ்நாளெல்லாம் பழைய தமிழ் நூல்களையும் இதழ்களையும் துண்டு வெளியீடுகளையும் திரட்டி வைத்திருந்தார். 1992இல் அவர் மறைந்தபின், அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை விலைக்கு வாங்கியது. முந்தைய காலமாக இருந்திருந்தால் அவை கப்பலேறிப் போயிருக்கும். ஆனால் அப்பல்கலைக்கழகம் மூல நூல்களைத் தமிழகத்திலேயே விட்டுவைத்தது. அவற்றைக் கொண்டு 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. பக்கங்கள் நுண்படச் சுருள்களில் பதிவு செய்யப்பட்டன. நூல் இங்கே இருக்க, அதன் செய்தி அங்கும் சென்றது. வைத்திருப்பதைவிடப் பகிர்வதே பெரிது என்று ஒரு பல்கலைக்கழக நூலகம் முடிவு செய்ததன் விளைவு இது.

இணையம் வந்தபின் இப்பகிர்வு இன்னும் விரிந்தது. தமிழ் இணையக் கல்விக்கழகம் 2017இல் தொடங்கிய மின்னூலகத்தில் பழந்தமிழ் நூல்களைக் கட்டணமின்றி எவரும் படிக்கலாம். முன்பு ஆய்வேடுகள் பல்கலைக்கழக அலமாரிகளில் உறங்கின. இன்று இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளை ஷோத்கங்கா என்னும் தளத்தில் காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் திரட்டித் தருகிறது. அந்த மாணவியை இவ்விரண்டையும் பார்க்கச் சொன்னேன். இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் பற்றிய ஆய்வேடுகள் சிலவற்றைத் தன் கைப்பேசியிலேயே கண்டெடுத்து, மறுவாரம் மகிழ்ச்சியோடு வந்து சொன்னாள்.

ஆயினும் எல்லாக் கதவுகளும் எல்லோருக்கும் திறந்துவிடவில்லை. விலையுயர்ந்த ஆய்விதழ்களை நாடு முழுவதற்கும் ஒரே சந்தாவில் வழங்கும் திட்டத்திற்கு மத்திய அரசு 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்தது. மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இத்திட்டத்தால், 6,300க்கும் மேற்பட்ட நிறுவனங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 1.8 கோடிப் பேர் சுமார் 13,000 இதழ்களைப் படிக்க வழி ஏற்பட்டது. மிக நல்ல செய்தி. ஆனால் முதற்கட்டம் அரசு நிறுவனங்களுக்கே உரியதாக வகுக்கப்பட்டது. நம் மாவட்டத்துப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் தனியார் கல்லூரிகளில் பயில்கின்றனர். இன்ஃப்ளிப்நெட் மையமே கல்லூரிகளுக்கென 2010இல் தொடங்கிய என்-லிஸ்ட் என்னும் மற்றொரு திட்டமும் உண்டு. அதில் சேர்ந்த கல்லூரியின் மாணவர்கள் லட்சக்கணக்கான மின்நூல்களைப் படிக்கலாம். நுழைவுச் சொல்லைக் கல்லூரி நூலகரிடம் கேட்டுப் பெற வேண்டும். கேட்காததனாலேயே இழப்பவர் பலர். உங்கள் பிள்ளையிடம் இன்றிரவே கேட்டுப் பாருங்கள்: "உன் கல்லூரி நூலகம் இணையத்தில் என்னென்ன தருகிறது? நுழைவுச் சொல் வாங்கினாயா?" கல்விக் கட்டணம் எவ்வளவு என்று கேட்கும் நாம், அக்கட்டணத்துக்கு என்ன கிடைக்கிறது என்றும் கேட்க வேண்டாமா?

நூலகர் வேலை இதனால் குறைந்துவிடவில்லை, கூடியிருக்கிறது. முன்பு செய்தி கிடைப்பது அரிது. இன்றோ கைப்பேசியைத் திறந்தால் மெய்யும் பொய்யும் கலந்து கொட்டுகின்றன. ஹதீஸ் கலை அறிஞர்கள் ஒரு செய்தியை ஏற்குமுன், அதைச் சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவர் நம்பத்தகுந்தவரா என்று ஆராய்ந்தார்கள். அந்த அறிவிப்பாளர் வரிசைப் பயிற்சியையே இன்றைய நல்ல நூலகர் வேறு வகையில் மாணவருக்குக் கற்பிக்கிறார். இதை எழுதியவர் யார், எந்த ஆண்டு, எந்த ஆதாரம் என்று கேட்கப் பழக்குகிறார். அத்தகைய நூலகரை நம் பிள்ளைகள் ஆசிரியருக்கு நிகராக அணுக வேண்டும்.

இனி நம் பங்கைச் சொல்கிறேன். எந்த நூலகமும் தன்னிடம் வந்து சேராத நூலைப் பகிர முடியாது. இலங்கையிலிருந்து வந்து மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துறைப் பேராசிரியராக விளங்கிய எம்.எம்.உவைஸ் அவர்கள், மறக்கப்பட்டுக் கிடந்த நம் நூல்களைத் தேடித் திரட்டித்தான் இத்துறைக்கு வரலாறு எழுதினார். எஞ்சியவை இன்னும் நம் பரண்களில்தான் இருக்கின்றன.

எனவே வீட்டுப் பெட்டியை ஒருமுறை இறக்குங்கள். அரபுத் தமிழ் நூலோ, பழைய அச்சுப் பிரதியோ, கையெழுத்துப் படியோ இருந்தால் தாளை மடிக்காதீர்கள், வெயிலில் காய வைக்காதீர்கள், ஒட்டும் தாளால் ஒட்டாதீர்கள். முகப்புப் பக்கத்தைப் படமெடுத்து, அருகிலுள்ள கல்லூரியின் தமிழ்த்துறைக்கோ நூலகத்துக்கோ, ஆய்வு நூலகம் ஒன்றுக்கோ தெரிவியுங்கள். நூலைக் கொடுத்துவிட வேண்டும் என்பதில்லை. மின்படி எடுத்துக்கொண்டு திருப்பித் தரும்படி எழுத்தில் பெற்றுக்கொள்ளலாம். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்திருந்தால், அவர் காலத்தில் வெளிவந்த நூலுக்குப் பதிப்புரிமைத் தடையும் பொதுவாக இராது. பயன்தரும் கல்வியை விட்டுச் செல்வது, மறைந்தபின்னும் நன்மை சேர்க்கும் நிலையான தர்மம் என்பதை நாமனைவரும் அறிவோம்.

அந்த மாணவியின் தாயார் சென்ற வாரம் மீண்டும் வந்தார். தம் சாச்சா வீட்டுப் பரணிலிருந்து கிடைத்ததாகச் சொல்லி, துணியில் சுற்றிய மூன்று கிதாபுகளை என் முன் வைத்தார். ஒன்றில் அவருடைய வாப்பாவின் கையெழுத்து இருந்தது. "இவற்றை மின்படி எடுக்க யாரைக் கேட்க வேண்டும், உஸ்தாத்?" என்றார். நாளை மறுநாள் நாங்கள் மூவரும் கல்லூரி நூலகரைப் பார்க்கச் செல்கிறோம்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம். வஸ்ஸலாம்.